‘வேறு பொருள் கிடையாது’ என்று எழுதலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் ஆங்கில மரபுத்தொடர் பக்கத்தில், ஒரு தீர்மானத்தை ‘டேபிள்’ செய்வது என்றால் “விவாதத்துக்கு முன்வைத்தல், இதற்கு வேறு பொருள் கிடையாது” என்று போட்டிருந்தது. முதல் பாதியோடு எனக்குச் சண்டை இல்லை. பின்பாதியைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

பிரிட்டிஷ் நாடாளுமன்ற மரபில் டேபிள் செய்த தீர்மானம் அவைக்கு வந்துவிட்ட தீர்மானம். அமெரிக்க செனட்டிலோ, டேபிள் செய்யலாம் என்ற கோரிக்கை வென்றால் அந்த விஷயம் அத்தோடு முடிந்தது. கோரிக்கைமீது விவாதம்கூடக் கிடையாது, நேரே வாக்கெடுப்புதான். அமெரிக்கச் சங்கங்கள் பல பின்பற்றும் கூட்ட விதிகளை 1876-ல் ஹென்றி ராபர்ட் வெளியிட்டார். அதில் மூன்றாவதாக ஒரு பொருள்: இப்போதைக்கு ஒதுக்கிவைத்து, வேண்டும்போது மறுபடி எடுத்துக்கொள்வது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ், அமெரிக்க அதிகாரிகள் இந்த ஒரு சொல்லை வைத்து நெடுநேரம் கசப்பாக வாதாடியதைச் சர்ச்சிலே எழுதியிருக்கிறார். இரு தரப்பும் விரும்பியது ஒன்றையேதான் என்று பிறகுதான் தெரிந்ததாம். தாங்கள் அறியாததல்ல இது. அறிந்தும் அந்த வரியை அச்சுக்கு விட்டீர்களே என்பதுதான் என் வருத்தம்.

பல வருடம் மொழிபெயர்ப்பில் பிழைத்தவன் நான். ‘திருத்தத்தை செனட் கைவிட்டது’ என்று எழுதிக் கொடுத்ததை ஒரு பத்திரிகை அலுவலகத்தில் ‘தாக்கல் செய்தது’ என்று மாற்றி அச்சேற்றினார்கள். என்ன ஆதாரம் என்று கேட்டேன். இதே மாதிரிப் பக்கம் ஒன்றைக் கத்தரித்து வைத்திருந்தார்கள். செய்தி தலைகீழாகிப் போனது. வாசகர்களிடம் பேச்சு வாங்கியது நான். திருத்தம் வந்ததோ விளம்பரங்களுக்கு அடியில், பொடி எழுத்தில்.

தங்கள் பக்கத்திலும் இது முதல் தடவை அல்ல. ‘எக்செப்ஷன் புரூவ்ஸ் த ரூல்’ என்பதற்கு ‘விதிவிலக்கு இருந்தால்தான் விதி சரி’ என்று விளக்கம் வந்தது. ‘ஞாயிறு மட்டும் அனுமதி இலவசம்’ என்று பலகை இருந்தால் மற்ற நாளில் கட்டணம் உண்டு என்று புரிகிறதே, அந்தச் சட்ட வாதம்தான் அதன் வேர். எழுதினேன், பதில் இல்லை. ‘உருளும் கல்லில் பாசி படியாது’ என்கிற ‘ரோலிங் ஸ்டோன்’ பழமொழி சிலர் வாயில் ஓரிடத்தில் நிலைக்காதவனுக்குக் கண்டிப்பு. வேறு சிலர் வாயில் தேங்கிப் போகாதவனுக்குப் பாராட்டு. தாங்கள் போட்டது கண்டிப்பை மட்டும். அதற்கும் எழுதினேன்.

படிக்கிற பிள்ளைகள் இந்தப் பக்கத்தை அப்படியே மனப்பாடம் செய்கிறார்கள். நாளை ஓர் அமெரிக்க மேலாளர் “டேபிள் செய்துவிடலாமா?” என்று கேட்கும்போது, தம் யோசனை விவாதத்துக்கு வருகிறது என்று நம்பி, அதைக் கைவிடுவதற்கே தலையாட்டிவிட்டு வருவார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்வது?

பக்கத்தை நிறுத்தச் சொல்லவில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே ‘பிரிட்டன்’, ‘அமெரிக்கா’ என்று ஒரு சொல் சேர்த்தால் போதும். இந்தத் தடவைத் திருத்தத்தை அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்