பாக்கிக்காரர்களாகவே எங்களை வைத்திருந்தவர்களுக்கு

அன்புள்ள புதுக்குளம் ஊராருக்கும், வழியில் எங்களுக்குக் கை கொடுத்த மற்ற எல்லாருக்கும்,

வணக்கம். நம்ம சாஸ்தா கோயில் திருவிழாவான வைகாசிக் கொடை முடிந்து நாங்கள் கோத்தகிரி வந்து சேர்ந்து இருபது நாளாகிறது. வந்த வாரமே எழுதியிருக்க வேண்டும். கொழுந்தெடுப்பு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறப்பு என்று தள்ளிப்போய்விட்டது. கொடைக் கூட்டத்தில் யாரிடம் நன்றி சொன்னோம், யாரிடம் சொல்லாமலே வண்டி ஏறினோம் என்று எங்களுக்கே தெரியவில்லை. அதனால்தான் தனித்தனியாக இல்லாமல் எல்லாரும் பார்க்கும்படி இந்த மடல்.

எங்களைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். என் தாத்தாவை அவருடைய அப்பா சின்னப் பையனாக இருக்கும்போதே சிலோனுக்குக் கூட்டிப்போனார். தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். கல்யாணம் கட்ட ஒரு தடவை தாத்தா ஊருக்கு வந்து ஆச்சியைக் கூட்டிப்போனார். அவர் ஊரைப் பார்த்தது அதுதான் கடைசி. மாத்தளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் காலம் ஓடியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் எங்களைப் போன்ற இந்திய வம்சாவளிக்காரர்களைப் பற்றி ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்வது, மீதியை அப்புறம் பார்த்துக்கொள்வது. அந்தக் கணக்கில் எங்கள் வீடும் பிரிந்தது. தாத்தாவும் மூன்று மகன்களும் இந்தப் பக்கம், தாத்தாவின் தங்கை குடும்பம் மாத்தளையிலேயே. 1973இல் ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, நீலகிரியில் அரசாங்கத் தேயிலைத் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டார்கள். நெல்லைப் பக்கம் யாரும் திரும்பவில்லை. பஸ்ஸுக்குக் காசு இல்லை, போனால் யார் வீட்டுத் திண்ணையில் உட்காருவது என்றும் தெரியாது.

தாத்தாவின் சொந்த ஊரை நாங்கள் தேடத் தொடங்கியபோது கையில் இருந்தது தாத்தாவின் பழைய பாஸ்போர்ட் ஒன்றுதான். கண்டியில் எடுத்தது. சொந்த ஊர் என்ற இடத்தில் புதுக்குளம், டின்னவெல்லி ஜில்லா. தாலுகா எழுதியிருந்த இடத்தில் முத்திரை விழுந்து மை பரவிவிட்டது. அது போக, ஆச்சி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்த ஒரு அடையாளம்: “செக்கச்செவேல்னு மண்ணு. மடையடியில சாஸ்தா, வலப்பக்கம் பேச்சி, கரைக்குக் கீழ மாடன்.” கோத்தகிரியில் தோட்டத்துக் குடியிருப்பான லயத்தில் மற்றவர்கள் அப்பாயி என்று கூப்பிட, எங்கள் வீட்டில் மட்டும் ஆச்சி. அதையும் ஒரு அடையாளமாக வைத்துக்கொண்டோம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் வம்சாவளி எடுத்துத் தருவதாகச் சொன்ன ஒருவரிடம் எட்டாயிரம் ரூபாய் கொடுத்து ஏமாந்தோம். அவரைப் பற்றி இதற்கு மேல் எழுதி இந்த மடலைக் கெடுக்க விரும்பவில்லை.

நன்றியில் முதல் பங்கு பாளையங்கோட்டையில் இருக்கும் ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர் ஐயாவுக்கு. நண்பரின் நண்பர் மூலமாகக் கிடைத்த பழக்கம், எங்களுக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பாஸ்போர்ட்டைக் கையில் வாங்கிப் பார்த்ததுமே சொன்னார்: “நீங்க தேடுத திருநெல்வேலி இப்ப மூணு கலெக்டர் ஆபீஸ்ல இருக்கு.” 1986இல் தூத்துக்குடி தனியாகப் போனது, 2019இல் தென்காசி போனது. 1973இல் எழுதிய ஜில்லாவை இன்றைய வரைபடத்தில் தேடினால் எங்கே கிடைக்கும்? மூன்று மாவட்டத்திலும் புதுக்குளங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டே வந்தார். மழைத் தண்ணீரைத் தேக்கிப் பிழைத்த நாடு, அதனால் குளம் வெட்டிய இடமெல்லாம் ஊர், புதிதாக வெட்டிய இடமெல்லாம் புதுக்குளம். செம்மண் என்று ஆச்சி சொன்னதைக் கேட்டு, அது தேரிக்காட்டு மண்ணாகத்தான் இருக்கும் என்று தாமிரபரணிக் கரையில் இருந்தவற்றை எல்லாம் அடித்தார். சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கம் இரண்டு மிஞ்சின.

அவர் சொன்ன இன்னொரு யோசனைதான் எங்களைக் கரை சேர்த்தது. “சும்மா நாள்ல போனா பூட்டின கோயிலத்தான் பாப்பிய. பங்குனி உத்திரத்தன்னைக்குப் போங்க.” தெற்கே இது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி, மலையில் வளர்ந்த எங்களுக்குத்தான் தெரியவில்லை. அன்றைக்குச் சென்னை, மும்பை என்று எங்கே பிழைக்கப் போனவர்களும் அவரவர் குலசாமியான சாஸ்தாவைத் தேடி வந்துவிடுவார்கள். ஒரு வம்சத்தில் பாதிப் பேரை ஒரே மரத்தடியில் பார்க்க வேறு நாள் கிடையாது.

ஆனாலும் முதலில் போனது தப்பான புதுக்குளத்துக்கு! பத்துப் பேர் வேனில் போய் இறங்கி, குளத்தங்கரை சாஸ்தாவைப் பார்த்ததுமே என் பெரியப்பா நெடுஞ்சாண்கிடையாக விழுந்துவிட்டார். எழுப்ப முடியவில்லை, அப்படி ஒரு அழுகை. அந்தக் கோயில் பூசாரி ஐயா அவர் அழுது முடிக்கும்வரை பொறுமையாக நின்றுவிட்டு, “அண்ணாச்சி, எங்க சாஸ்தாவுக்குப் பேச்சி கிடையாதே” என்றார். பெரியப்பாவுக்கு வெட்கம், எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சாமி யார் வீட்டுச் சாமியாக இருந்தால் என்ன என்று பொங்கலும் பானக்காரமும் கொடுத்து உட்கார வைத்தார்கள். பேச்சி வலப்பக்கம் இருக்கும் சாஸ்தா மாவட்ட எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிறார் என்று அந்த ஐயாவுக்குத் தெரிந்திருந்தது. மகனையே பைக்கில் முன்னால் அனுப்பி வழி காட்டினார். அந்த ஊர்க்காரர்களே, நீங்கள் எங்கள் சொந்தம் இல்லை என்று ஆகிவிட்டதில் எங்களுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

சரி, இப்போது நம்ம புதுக்குளத்துக்கு வருகிறேன். மதியம் ஒரு மணி இருக்கும். மருத மரத்தடியில் ஏழெட்டு அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. “எங்க இருந்து வாரிய?” என்று ஒரு பெரியம்மை கேட்டார். தாத்தா பெயரைச் சொன்னோம். யாருக்கும் தெரியவில்லை. (எங்கள் மூக்கைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டதாகப் பிறகு பல பேர் சொன்னார்கள். அன்றைக்கு ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.) அப்போதுதான் ஒருவர், இப்போது எங்கள் சின்னையா, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, “அந்தப் பேர நான் எழுதியிருக்கனே” என்றார். வீட்டுக்குப் போய் ஒரு டிரங்குப் பெட்டியையே சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

பெட்டிக்குள் கொடைக்கு வீட்டுக்கு வீடு வாங்கும் வரியை எழுதும் நோட்டுகள். 1961இலிருந்து இருந்தன, அதற்கு முந்தியதைக் கறையான் தின்றுவிட்டதாம். நீள நோட்டு, முதல் பக்கம் மஞ்சள் தடவிப் பிள்ளையார் சுழி. தலைக்கட்டு (வரி கட்டும் குடும்பம்), வரி, வரவு, பாக்கி என்று கோடு போட்டிருந்தது. பதினேழாவது வரிசையில் என் தாத்தாவின் பெயர், அதற்குப் பக்கத்தில் சின்னதாக ‘சிலோன்’. வரி இரண்டு ரூபாய். வரவு என்ற இடத்தில் ஒன்றும் இல்லை. பாக்கி இரண்டு ரூபாய்.

அடுத்த நோட்டைத் திறந்தார். அங்கேயும் இருந்தது. அதற்கடுத்ததிலும். எழுத்து மாறுகிறது, மை பேனா போய்ப் பால்பாயிண்ட் வருகிறது, இரண்டு ரூபாய் ஐந்தாகி, ஐம்பதாகி, ஐந்நூறாகி, இரண்டாயிரத்தில் நிற்கிறது. பெயரும் ‘சிலோன்’ என்ற வார்த்தையும் மட்டும் அப்படியே. நாங்கள் 1973இலேயே இந்தியா வந்துவிட்டதும், தாத்தா கோத்தகிரி மண்ணுக்குள் போனதும் அந்த நோட்டுக்குத் தெரியாது.

இத்தனை வருடம் காசு தராதவர் பெயரை ஏன் எழுதிக்கொண்டே வந்தீர்கள் என்று கேட்டேன். சின்னையா என்னை ஒரு மாதிரி பார்த்தார். “பேர அடிச்சா அந்த வீடு அத்துப்போச்சுன்னுல்லா அர்த்தம். அத நான் எப்படி எழுதுவேன்?”

சின்னையா, உங்களுக்கும், உங்களுக்கு முன்னால் நோட்டு எழுதிய உங்கள் அப்பாவுக்கும் என்ன சொல்வது என்று இந்த இடத்தில் நாலு தடவை எழுதி அடித்துவிட்டேன். நன்றி என்றே இருக்கட்டும்.

கையோடு அவர் செய்த இன்னொரு காரியத்தையும் சொல்ல வேண்டும். போன் கால்குலேட்டரை எடுத்து மொத்தப் பாக்கியையும் கூட்டினார். ஊர்ச் சண்டையில் கொடை நின்றுபோன வருடங்களை நியாயமாகக் கழித்துவிட்டார். 17,346 ரூபாய். நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. அந்த மரத்தடியிலேயே பத்துப் பேர் பையையும் துழாவிக் கட்டினோம். வாங்கிய ரசீதைப் பெரியப்பா சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்.

வைகாசிக் கொடைக்கு முப்பத்து நாலு பேராக வந்தோம். கோத்தகிரி, கூடலூர், திருப்பூர், அதோடு விசா எடுத்து மாத்தளையிலிருந்து வந்த அத்தையும் மாமாவும். இடம் கொடுத்த ஐந்து வீட்டுக்காரர்களுக்கும், தண்ணீர் லாரிக்காரருக்கும், சமையல் அண்ணாச்சிக்கும் நன்றி. சாமியை அழைக்கும் குடியழைப்பு ராத்திரி வில்லுப்பாட்டுக் குழு மாடன் கதைக்கு நடுவே “கடல் தாண்டிப் போன பிள்ளைகள் வந்திருக்காவ” என்று எங்களையும் இழுத்துப் பாடியதற்கு நன்றி. சாமக்கொடையில் கணியான் கூத்து. மகுடம் என்ற தோல்கொட்டைத் தீயில் காட்டிக் காட்டி முறுக்கேற்றி அடிக்க, மாத்தளை அத்தை எழுந்து ஆடிவிட்டார். பிறந்ததிலிருந்து அந்தக் கொட்டுச் சத்தத்தைக் கேட்டதே இல்லை அவர்.

மறுநாள் சாப்பாட்டில் சொதி. இதே அத்தை ஒரு வாய் வைத்துவிட்டு, “இது சொதியா?” என்று கேட்டதை மயினி தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே சொதி என்றால் இடியாப்பத்துக்கு ஊற்றும் தண்ணீராட்டம் தேங்காய்ப்பால். பாசிப்பருப்பும் முருங்கைக்காயும் போட்டு, இஞ்சிப் பச்சடியோடு சோற்றுக்கு ஊற்றுவதைக் கண்டு திகைத்துவிட்டார். இரண்டாம் தடவை கேட்டு வாங்கியதையும் எல்லாரும் பார்த்தீர்கள்.

மேலத்தெரு சித்தப்பாவுக்கும் ஒரு வார்த்தை. பங்குனியில் என் தம்பி வெள்ளந்தியாகப் பட்டாவைப் பார்க்கலாமா என்று கேட்டான், பூட்டன் பெயர் எழுதியிருப்பதைக் கண்ணால் பார்க்கத்தான். அது கூட்டுப்பட்டா என்று எங்களுக்குத் தெரியாது. சித்தப்பா அதற்குப் பிறகு எங்கள் பக்கமே வரவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். எண்பது வருடம் வராத பங்காளி திடீரென வந்து பட்டா கேட்டால் நான்கூட அப்படித்தான் நினைத்திருப்பேன். கொடைக்கு மறுநாள் அவரே வந்து, “வாங்க, இடத்தக் காட்டுதேன்” என்றார். வீடு இல்லை. அவருடைய ஆட்டுக்கொட்டில் இருந்தது, பக்கத்தில் தூர்ந்த கிணறு. கிணற்று மேட்டில் குப்புறக் கிடந்த ஆட்டுரலைத் தம்பியும் அவரும் சேர்ந்து புரட்டினார்கள். எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். மலையேற்ற முடியாது சித்தப்பா, அது அங்கேயே இருக்கட்டும். சொத்து கேட்டு யாரும் வரமாட்டோம், இதை ஊர் பார்க்கவே எழுதுகிறேன்.

ஒரு மனத்தாங்கல் மட்டும் எனக்கு உண்டு, மறைப்பானேன். நோட்டில் இப்போது எங்களுக்கு எட்டுத் தலைக்கட்டு. தம்பி பெயர் இருக்கிறது, பெரியப்பா மகன்கள் பெயர் இருக்கிறது. தேடி அலைந்த என் பெயர் இல்லை, பெண்பிள்ளைக்கு வரி கிடையாதாம். கேட்டதற்கு, “உனக்கு வரி உன் மாப்பிள்ள ஊர்லல்லா தாயி” என்றார் சின்னையா. அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கடைசிப் பக்கம் நன்கொடை என்ற இடத்தில் ‘பிறந்த மகள், கோத்தகிரி, 2,000’ என்று எழுதிக்கொண்டார். அடுத்த வருடமும் கேட்பேன்.

இன்னும் ஒன்று. கொடையன்று கோயில் வாசலில் எங்கள் எவர்சில்வர் தூக்குவாளி மாறிவிட்டது. எங்களுடையதில் மூடியில் ‘மு’ என்று வெட்டியிருக்கும். எங்களிடம் வந்திருப்பது அதைவிடப் பெரியது, பிடியில் சிவப்பு நூல் சுற்றியது, உள்ளே அரை வாளி பொங்கல் இருந்தது. பொங்கலைச் சாப்பிட்டுவிட்டோம். வாளி பத்திரமாக இருக்கிறது, வைகாசியில் கொண்டு வருகிறோம்.

இப்படிக்கு,
பதினேழாவது வரிசை வீட்டுப் பேத்தி,
கோத்தகிரி