சகிப்பின் எல்லையை எங்கே வைப்பது? நண்பருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். பொது அரங்கின் நிர்வாகக் குழுக் கூட்டத்தில் நீங்கள் ஆற்றிய உரையைப் படித்தேன். உங்களுக்குச் சற்றும் உடன்பாடில்லாத ஒரு சமயக் குழுவினர் கூட்டம் நடத்த அரங்கைக் கேட்டிருக்கிறார்கள். "இவ்வளவு காலம் சகித்துக்கொண்டோம், சகிப்புக்கும் ஓர் எல்லை உண்டு" என்று சொல்லி, இடம் தர மறுக்க வேண்டும் என்று வாதிட்டிருக்கிறீர்கள். எல்லை உண்டு என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் அதை நீங்கள் வைத்திருக்கும் இடம் தவறு என்று உறுதியாக நினைக்கிறேன். நீங்கள் பொதுப் பொறுப்பில் இருப்பதால் பதிலையும் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

சகித்துக்கொண்டோம் என்று ஒருவர் சொல்ல வேண்டுமானால், எதிரில் இருப்பது அவருக்குப் பிடிக்காததாக இருக்க வேண்டும், அதைத் தடுக்கும் வலிமையும் அவர் கையில் இருக்க வேண்டும், இருந்தும் தடுக்காமல் விட்டிருக்க வேண்டும். எனக்கு எதுவானாலும் ஒன்றுதான் என்று இருப்பவர் எதையும் சகிக்கவில்லை. அன்றாடம் இழிவுபடுத்தப்பட்டும் எதிர்த்துப் பேச வழியில்லாமல் இருப்பவரும் சகிப்புத்தன்மை காட்டவில்லை, அவர் துன்பப்படுகிறார். அவரிடம் போய் இன்னும் கொஞ்சம் பொறுத்துப் போங்கள் என்று அறிவுரை சொல்வது அநீதிக்குத் துணை நிற்பதாகும். பொதுவாழ்வில் இந்த இரண்டையும் சகிப்புத்தன்மை என்றே அழைத்துப் பழகிவிட்டோம். உங்கள் குழுவில் சாவி வைத்திருப்பவர் நீங்கள், அனுமதி கேட்டு நிற்பவர்கள் அவர்கள். இதை மறந்துவிட்டுப் பேசினால், யார் பொறுமை தீர்ந்துபோனது என்பதே குழம்பிவிடும்.

சாவி வைத்திருப்பவரின் தயவாக வரும் சகிப்பு எவ்வளவு நிலையற்றது என்பதற்குப் பிரான்சின் வரலாறு போதும். 1598-இல் நான்காம் ஹென்றி மன்னர் நாந்த் அரசாணையின் வழியே புராட்டஸ்டன்ட் பிரிவினருக்கு வழிபாட்டு உரிமைகளை அளித்தார். 1685-இல் அவருடைய பேரன் பதினான்காம் லூயி அதை ரத்து செய்தார். இடைப்பட்ட காலத்தில் பிறந்து வளர்ந்து, நாடு தமக்கும் உரியது என்று நம்பியிருந்தவர்களில் ஏறத்தாழ 2 லட்சம் பேர் நாட்டை விட்டு வெளியேறினார்கள். அவர்கள் புதிதாக எந்தக் குற்றமும் செய்துவிடவில்லை. உரிமை கொடுக்கும் இடத்தில் அமர்ந்தவரின் மனம் மாறியது, அவ்வளவுதான். 1790-இல் அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் நியூபோர்ட் நகரின் யூத சபையினருக்கு எழுதிய மடலில், ஒரு பிரிவினரின் தயவால் இன்னொரு பிரிவினர் தம் இயல்பான உரிமைகளைத் துய்க்கிறார்கள் என்ற வகையில் இனிச் சகிப்பைப் பற்றிப் பேச இடமில்லை என்று குறிப்பிட்டார். அதே வாஷிங்டன் அடிமைகளை உடைமையாக வைத்திருந்தார் என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது. அவர் பேசிய இயல்பான உரிமைகள் யாரோடு முடிந்தன என்பதும் இந்த வரலாற்றின் பகுதிதான்.

ஆகவே நான் உங்களிடம் கேட்பது தயவு அன்று. சம உரிமை உள்ளவர்கள், ஒருவர் மற்றவரின் கொள்கையைத் தவறென்றே கருதிக்கொண்டும், அவரை ஒடுக்கும் அதிகாரத்தைக் கையில் எடுப்பதில்லை என்று தமக்குத் தாமே விதித்துக்கொள்ளும் கட்டுப்பாட்டையே கேட்கிறேன். 1985-இல் கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று குழந்தைகள், தேசிய கீதம் ஒலிக்கும்போது மரியாதையுடன் எழுந்து நின்றும், தம் நம்பிக்கையின் காரணமாகப் பாடாததால், பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1986-இல் இந்திய உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்க ஆணையிட்டது. அவர்களுடைய நம்பிக்கை நீதிபதிகளுக்கு ஏற்புடையதா என்ற கேள்விக்கே அங்கே இடமிருக்கவில்லை. அந்த நம்பிக்கையை அவர்கள் உண்மையாகவே கொண்டிருக்கிறார்களா, அவர்களின் நடத்தையால் பொது ஒழுங்கு குலைந்ததா என்பவைதாம் கேள்விகள்.

எல்லைக்கு வருகிறேன். உங்கள் உரையில் அந்தக் குழுவினர் செய்த எதையும் நீங்கள் சுட்டவில்லை. "இப்படிப்பட்டவர்களுக்கு இடம் கொடுத்தால் நாளை என்ன செய்வார்களோ" என்று அஞ்சியிருக்கிறீர்கள். இது பழைய பிழை, பெரியவர்களும் செய்த பிழை. ஆங்கிலேய மெய்யியலாளர் ஜான் லாக் 1689-இல் வெளியான தம் மடலில் சமயச் சகிப்புக்காக அவ்வளவு ஆழமாக வாதாடிவிட்டு, கடவுளை மறுப்பவர்களுக்கு மட்டும் அது பொருந்தாது என்றார். சத்தியமும் வாக்குறுதியும் அவர்களைக் கட்டுப்படுத்தாது என்பது அவர் சொன்ன காரணம். வேறொரு அரசருக்குக் கட்டுப்பட்ட திருச்சபையினரையும் அவர் விலக்கினார். கத்தோலிக்கர்களையே அவர் குறிப்பிட்டார் என்று பெரும்பாலோர் கருதுகிறார்கள். அதே ஆண்டில் இங்கிலாந்தில் இயற்றப்பட்ட சகிப்புச் சட்டமும் கத்தோலிக்கர்களை வெளியே நிறுத்தியது. அவர்கள் நாடாளுமன்றத்தில் அமர 1829 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு மனிதர் செய்ததை வைத்து அல்லாமல், அவர் இன்ன கூட்டத்தைச் சேர்ந்தவர் என்பதால் செய்யக்கூடும் என்று ஊகித்து வரையப்பட்ட எல்லை, தலைமுறை தலைமுறையாகக் குற்றமற்றவர்களைத் தண்டித்தது.

சகிப்பற்றவர்களைச் சகித்தால் சகிப்பே அழிந்துவிடும் என்ற மெய்யியலாளர் கார்ல் பாப்பரின் வாதத்தையும் நீங்கள் எடுத்துக்காட்டியிருக்கிறீர்கள். அவர் அதை 1945-இல் வெளிவந்த நூலின் ஓர் அடிக்குறிப்பில் எழுதினார், அதே குறிப்பில் இன்னொரு பாதியும் இருக்கிறது. வாதத்தால் எதிர்கொள்ளவும் மக்கள் கருத்தால் கட்டுக்குள் வைக்கவும் முடிகிற வரையில், அத்தகைய கருத்துகளை அடக்குவது அறிவுடைமை ஆகாது என்கிறார். வாதத்துக்கே வர மறுத்து, வாதத்துக்குக் கைமுட்டியாலும் துப்பாக்கியாலும் பதில் சொல்லும்படி தம் ஆதரவாளர்களுக்குக் கற்பிப்பவர்களைத்தான் தேவைப்பட்டால் வலிமையால் தடுக்கும் உரிமை வேண்டும் என்றார். மேடைகளில் முதல் பாதி மட்டுமே ஒலிப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

அப்படிப்பட்ட உண்மையான எல்லையை உலகம் பார்த்திருக்கிறது. 1994-இல் ருவாண்டாவில் நடந்த இனப்படுகொலையின்போது ஒரு தனியார் வானொலி, கொல்லப்பட வேண்டியவர்களின் பெயர்களையும் அவர்கள் இருக்கும் இடங்களையும் ஒலிபரப்பியது. அதன் நிறுவனர்களில் இருவரை 2003-இல் பன்னாட்டுத் தீர்ப்பாயம் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. அங்கே பேச்சே ஆயுதமாகியிருந்தது, அதைக் கருத்து என்று சொல்லிப் பாதுகாக்க எவருக்கும் உரிமை இல்லை. அந்த அளவுக்குப் போகும் வரை காத்திருக்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. குறிப்பிட்ட மனிதர்களுக்கு எதிராக வன்முறையைத் தூண்டுவது, மிரட்டுவது, பிறர் பொது இடத்துக்கு வருவதைத் தடுப்பது ஆகியவை தொடங்கும்போதே அதிகாரம் தலையிட வேண்டும்.

மனம் புண்படுகிறது என்பது மட்டும் எல்லை ஆகாது. புண்படுவது பொய் என்று நான் சொல்லவில்லை, அந்த வலியை மதிக்கிறேன். ஆனால் புண்படுவதே தடைக்குப் போதுமான காரணம் என்று வைத்துக்கொண்டால், அதிகம் பேரைத் திரட்டி அதிகம் கோபப்படக்கூடிய தரப்பே எப்போதும் வெல்லும். சிறுபான்மையின் வலிக்கு அங்கே எடையே இருக்காது.

எனவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். அரங்கை யாருக்கு, எந்தக் காரணங்களுக்காக மறுக்கலாம் என்று எழுத்தில் விதி வகுக்கும்படி குழுவிடம் முன்மொழியுங்கள். அந்தக் காரணங்கள் செயலைச் சுட்டட்டும், எந்தக் கூட்டத்தின் பெயரையும் சுட்ட வேண்டாம். மறுக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்ய வழியும் இருக்கட்டும். வகுத்த பிறகு, உங்கள் அமைப்பின் கடந்த கூட்டங்களை அதே விதியால் ஒருமுறை அளந்து பாருங்கள். அந்தக் குழுவினருக்கு அரங்கு கிடைத்து அவர்கள் பேசினால், அவர்கள் சொல்வது ஏன் தவறு என்று அடுத்த வாரம் அதே மேடையில் நீங்கள் பேச வேண்டும். நானும் வந்து உங்களுடன் பேசுகிறேன், ஏனென்றால் அவர்களுடைய கொள்கையில் எனக்கும் துளியும் உடன்பாடில்லை.

அன்புடன்,
உங்கள் நண்பன்