சூப்பர்மேனுக்கு முந்தைய சூப்பர்மேன்கள்

மதுரை

அன்புள்ள மாப்ள,

உன் கடிதமும் கூடவே வைத்திருந்த பென்சில் பக்கங்களும் வந்து சேர்ந்தன. இங்கே எல்லோரும் சுகம். எனக்கு முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் தகராறு பண்ணுகிறது. சின்னவளுக்குக் கோவையில் வேலை கிடைத்துவிட்டது. அடுத்த மாதம் போய்ச் சேர வேண்டும். அவளுக்கு விடுதி தேடுகிற வேலை என் தலையில்தான்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். உன் மின்வாரிய நாயகன் முதலில் ரவுடியாக இருந்தான், அப்புறம் போலீஸ் ஆனான், இப்போது வீடு வீடாக மீட்டர் கணக்கெடுக்கிறவன் ஆகிவிட்டான். "உட்காரும்போதெல்லாம் ஆளே மாறிப்போகிறான், இது உருப்படுமா? படம் போடுகிற அக்கா மகன் பென்சிலைத் தூக்கி எறிந்துவிட்டான்" என்று புலம்பியிருக்கிறாய். பென்சிலைத்தானே எறிந்தான்? சூப்பர்மேனை வரைந்த ஜோ ஷஸ்டர் மொத்தப் பக்கங்களையும் நெருப்பில் போட்டவர். அந்தக் கதையை உனக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்லலாம் என்றுதான் இன்று பேனாவை எடுத்தேன்.

கதை எழுதிய ஜெர்ரி சீகல், படம் போட்ட ஜோ ஷஸ்டர் இரண்டு பேரும் 1914இல் பிறந்தவர்கள். அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்தில் கிளென்வில் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து படித்தார்கள். இருவருமே பிழைக்க வந்த யூதக் குடும்பத்துப் பிள்ளைகள். கண்ணாடி போட்ட, கூச்ச சுபாவக்காரர்கள். ஷஸ்டர் வீட்டில் வரைபலகை வாங்கக் காசில்லை. அம்மா ரொட்டி மாவு பிசைகிற பலகைதான் அவருக்கு வரைபலகை. வெள்ளிக்கிழமை வந்தால் ஓய்வுநாள் ரொட்டிக்காக அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். குளிர்காலத்தில் வீட்டில் கணப்பு கிடையாது. ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, கையுறையோடு வரைந்திருக்கிறார். பழைய சுவர்த்தாளின் பின்பக்கம், கசாப்புக்கடைக் காகிதம் என்று கிடைத்ததில் எல்லாம் படம்.

1933 ஜனவரியில் இவர்கள் கையால் நகலெடுத்து வெளியிட்டுக்கொண்டிருந்த சின்ன அறிவியல் புனைவு இதழில் 'சூப்பர்மேனின் ஆட்சி' என்று ஒரு கதை வந்தது. எழுதியவர் சீகல், வேறு பெயரில். அது சித்திரக்கதை இல்லை. நடுவே ஷஸ்டரின் படங்களோடு வந்த சிறுகதை. அதில் சூப்பர்மேன் யார் தெரியுமா? வில்லன். பெருமந்தக் காலம் அது. இலவச ரொட்டிக்காக வரிசையில் நிற்கிற பில் டன் என்ற பரதேசியை ஸ்மாலி என்ற விஞ்ஞானி கூட்டிப்போய், விண்கல்லிலிருந்து தயாரித்த மருந்தைக் கொடுத்துவிடுகிறான். டன்னுக்கு அடுத்தவன் மனதைப் படிக்கிற, ஆட்டிவைக்கிற சக்தி வந்துவிடுகிறது. உடனே உலகத்தையே ஆளக் கிளம்புகிறான். கடைசியில் மருந்தின் வேகம் இறங்க, பழையபடி அதே ரொட்டி வரிசை. படத்தில் ஆள் மொட்டைத்தலை. அந்த மொட்டையை ஞாபகம் வைத்துக்கொள், பின்னால் வரும்.

அந்த வருடமே சீகல் ஆளைத் திருப்பிப் போட்டார். இப்போது சூப்பர்மேன் நல்லவன், வடிவமும் சித்திரக்கதை. ஆனால் தனி உடுப்பில்லை, வேற்றுக்கிரகம் இல்லை, ரகசிய வாழ்க்கையும் இல்லை. துப்பாக்கிக்காரன் மேல் பாய்கிற பலசாலி, அவ்வளவுதான். சிகாகோவில் ஒரு பதிப்பகம் முதலில் ஆசை காட்டிவிட்டுக் கையை விரித்தது. நான் சொன்ன நெருப்பு அப்போதுதான். ஷஸ்டர் மனம் வெறுத்து எரித்ததில் அட்டைப்படம் மட்டும் மிஞ்சியது. அதையும் சீகல்தான் காப்பாற்றினார்.

அடுத்து நடந்தது நண்பர்களுக்கிடையே கொஞ்சம் கசப்பான விஷயம். ஷஸ்டரால் ஆகாது, பெயர்பெற்ற ஓவியர் ஒருவர் வந்தால்தான் விற்கும் என்று சீகல் முடிவு கட்டி, வேறு ஆட்களுக்குக் கடிதம் போட்டார். அதில் ஒருவர் ரஸ்ஸல் கீட்டன். 1934இல் அவருக்கு அனுப்பிய கதையில் சூப்பர்மேன் வருங்காலத்து ஆள். பூமி அழியும் தறுவாயில் கடைசி மனிதன் தன் குழந்தையைக் கால இயந்திரத்தில் ஏற்றி 1935க்கு அனுப்புகிறான். குழந்தையை எடுத்து வளர்ப்பவர்கள் சாம், மாலி கென்ட் தம்பதி. கவனி மாப்ள, அழிகிற உலகம், ஒற்றைக் குழந்தை, கென்ட் என்ற வீட்டுப் பெயர் எல்லாம் வந்துவிட்டன. கிரகம் மட்டும்தான் இன்னும் பூமியாகவே இருக்கிறது. கீட்டனும் சில நாளில் விலகிக்கொண்டார். சீகல் மறுபடி ஷஸ்டரிடமே வந்தார். ஷஸ்டரும் சரி என்றார். நானாக இருந்தால் ஒரு வருடமாவது முகத்தைத் தூக்கி வைத்திருப்பேன்.

தூக்கம் வராத ஒரு கோடை இரவில் எல்லாம் மளமளவென்று தோன்றியது, விடிந்ததும் ஷஸ்டர் வீட்டுக்கு ஓடினேன் என்று சீகல் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். எல்லோரும் இதைத்தான் விரும்பிச் சொல்வார்கள். எனக்கு அதில் பாதிதான் நம்பிக்கை. அந்த இரவுக்கு முன்னால் ஒரு மொட்டை வில்லன், எரிந்துபோன ஒரு நாயகன், ஒரு கால இயந்திரக் குழந்தை என்று மூன்று பேர் வரிசையில் நின்றிருக்கிறார்களே. தூக்கம் வராதது உண்மையாகவே இருக்கட்டும். மண்டையில் ஒன்றுமில்லாமல் படுத்திருந்தால் விடியும்வரை கொசுதான் அடித்திருப்பார்.

புதிதாகச் சேர்ந்தவை சூப்பர்மேன் பிறந்த கிரிப்டான் கிரகம், மேலங்கியோடு கூடிய சர்க்கஸ் பயில்வான் உடுப்பு, பத்திரிகை நிருபர் லோயிஸ் லேன், அப்புறம் சூப்பர்மேன் சாதாரண ஆளாக வாழ்கிற வேடமான க்ளார்க் கென்ட். ஷஸ்டர் சினிமாப் பைத்தியம். இடுப்பில் கைவைத்து நிற்கிற சூப்பர்மேனின் தோரணையை சாகசப் பட நடிகர் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸிடமிருந்து எடுத்தார். க்ளார்க்கின் அசட்டுக் கண்ணாடி முகத்துக்கு நகைச்சுவை நடிகர் ஹரால்ட் லாயிட். லோயிஸுக்கு மட்டும் உயிரோடு ஒரு மாடல் வேண்டியிருந்தது. உள்ளூர்ச் செய்தித்தாளில் மாடல் வேலை கேட்டு ஒரு பெண் வரி விளம்பரம் கொடுத்திருந்தாள். ஜோன் என்ற அந்தப் பள்ளி வயதுப் பெண் வந்து நின்றதில் உருவானதுதான் லோயிஸின் முகம். பின்னால், 1948இல், சீகல் அவரையே கல்யாணம் பண்ணிக்கொண்டார்.

என்னைக் கேட்டால் இவர்களுடைய உண்மையான கண்டுபிடிப்பு க்ளார்க் கென்ட்தான். பலசாலி ஊருக்கு ஊர் உண்டு. பள்ளிக்கூடத்தில் பெண்கள் திரும்பிக்கூடப் பார்க்காத சீகல், 'இந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது யார் என்று அவர்களுக்குத் தெரிந்தால்!' என்று ஏங்கியதைத்தான் கதைக்குள் கொண்டுவந்தார். லோயிஸ் க்ளார்க்கை மதிக்க மாட்டாள், சூப்பர்மேனுக்காக உருகுவாள். ஒரே ஆள் தனக்குத் தானே போட்டி. இந்த முடிச்சு விழுந்த பிறகுதான் கதைக்கு வீடு, அலுவலகம், பேச்சு எல்லாம் வந்தன. அதற்கு முந்தைய மூன்று பேரிடமும் சக்தி இருந்தது, சங்கடம் இல்லை.

அப்போதும் உடனே விற்கவில்லை. செய்தித்தாள்களுக்குத் தொடர் வழங்குகிற நிறுவனங்கள் வரிசையாகத் திருப்பி அனுப்பின. இருவரும் வேறு பத்திரிகைகளுக்கு மந்திரவாதி, துப்பறிவாளன் கதைகள் செய்து பிழைத்தார்கள். 1938இல் ஆக்‌ஷன் காமிக்ஸ் என்ற புது இதழுக்குப் பக்கம் நிரப்ப ஆள் தேடும்போதுதான் இவர்களுடைய பழைய கட்டு ஆசிரியர் வின் சல்லிவன் கைக்குப் போனது. செய்தித்தாளுக்காக நீளவாக்கில் வரைந்த பட்டைகள் அவை. இரண்டு பேரும் அவற்றைக் கட்டம் கட்டமாக வெட்டி, காமிக்ஸ் பக்க அளவுக்கு ஒட்டி, 13 பக்கம் தேற்றினார்கள். முன்கதையில் ஒரு பகுதி இடமில்லாமல் விடுபட்டதால் கதை நடுவில் தொடங்குகிறது: கட்டிப்போட்ட ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு சூப்பர்மேன் ராத்திரியில் பாய்ந்து போகிறான், யார் எவள் என்று வாசகனுக்குத் தெரியாது. அசந்துபோகிற தொடக்கம். யாரும் திட்டமிட்டது கிடையாது, கத்தரிக்கோல் செய்த வேலை. விடுபட்ட பகுதி மறு வருடம்தான் அச்சானது.

அந்த முதல் இதழின் சூப்பர்மேனை இன்றைக்குப் பார்த்தால் உனக்குச் சிரிப்பு வரும். பறக்க மாட்டான்; எட்டில் ஒரு மைல் தாண்டுவான், அவ்வளவுதான். குண்டு வெடித்துச் சிதறினால்தான் தோலில் கீறல் விழும் என்று கணக்கு வேறு. இதெல்லாம் எப்படி முடியும் என்பதற்கு எறும்பு தன் எடையைப் போலப் பல மடங்கு சுமக்கிறது, வெட்டுக்கிளி தாவுகிறது என்று ஒரு கட்டத்தில் விளக்கம். ஆனால் ஆள் யாரை அடிக்கிறான் பார்: பெண்டாட்டியை அடிக்கிறவனை, காசு வாங்கின அரசியல்வாதியை. ரொட்டி வரிசையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளின் கோபம் அதில் அப்படியே இருக்கிறது. எனக்கு இந்தச் சூப்பர்மேனைத்தான் பிடிக்கும். பின்னால் வந்த, கிரகத்தையே நகர்த்துகிற ஆளிடம் எனக்கு ஒட்டுதல் வரவில்லை.

பறக்கும் சக்தி பின்னால் ஒட்டிக்கொண்டது. 1941இல் வந்த ஃப்ளைஷர் நிறுவனத்தின் கார்ட்டூன் படங்களுக்கு அதில் பெரிய பங்கு. தாவித் தாவிப் போவது திரையில் எடுபடவில்லை. சூப்பர்மேனின் பலத்தைக் குறைக்கிற கிரிப்டோனைட் கல் முதலில் வந்தது வானொலி நாடகத்தில், 1943இல். சூப்பர்மேனின் பரம எதிரி லூதர் 1940இல் முதன்முதலாக வரும்போது செம்பட்டை முடியோடு இருந்தான். அடுத்த வருடம் மொட்டையாகிவிட்டான். உதவிக்கு வரைந்தவரின் குழப்பம் என்று சொல்வார்கள். ஆக, 1933இல் கழித்துவிட்ட அந்த மொட்டை வில்லன் சுற்றிச் சுற்றித் தன் கதைக்கே எதிரியாக வந்து சேர்ந்துவிட்டான்! உன் ரவுடியை நீ முழுக்கக் கொன்றுவிடாதே என்று நான் சொல்வது இதனால்தான். அவனை மீட்டர்காரனின் அண்ணனாக வைத்துப் பாரேன்.

நம் இரும்புக்கை மாயாவியையும் யோசித்துப் பார். 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழே அவன்தான். இங்கிலாந்தில் 1962இல் 'வேலியண்ட்' வார இதழில் தொடங்கியபோது அந்த மாயாவி, அதாவது க்ராண்டல், நல்லவனா என்ன? மின்சாரம் பாய்ந்து உடம்பு மறைந்ததும் சமூகத்துக்கு விரோதியாகத்தான் திரிந்தான். உளவாளியானதெல்லாம் அப்புறம். உன் கதையிலும் மின்சாரம் இருப்பதால் உன் அக்கா மகன் இதைச் சொல்லி உன்னைக் கிண்டல் பண்ணத்தான் போகிறான், தயாராக இரு.

இன்னொரு சங்கதி மனதை உறுத்துகிறது. 1940இல் சீகல் ஒரு கதை எழுதினார். கிரிப்டானிலிருந்து வந்த ஒரு உலோகம் சூப்பர்மேனின் பலத்தை உறிஞ்சுகிறது. உயிர்களைக் காப்பாற்ற வேறு வழியில்லாமல் லோயிஸ் கண்ணெதிரேயே தன் ரகசியத்தை உடைக்கிறான். அதற்குமேல் இருவரும் கூட்டாளிகள். கதை வளர வேண்டிய திசை அதுதான். பதிப்பாளர்கள் அச்சிடவில்லை, முக்கோணம் கலைந்தால் வியாபாரம் கெடும் என்று பயந்திருப்பார்கள் என்பது என் ஊகம். அந்தப் பிரதி 1988இல்தான் நிறுவனத்தின் நூலகத்திலிருந்து கண்டெடுக்கப்பட்டது. காமிக்ஸ் தொடரில் க்ளார்க் லோயிஸிடம் உண்மையைச் சொன்னது 1991இல். ஐம்பது வருடம் ஒரு பெண்ணை முட்டாளாக வைத்திருந்தார்கள்.

ஏன் சீகலால் பிடிவாதம் பிடிக்க முடியவில்லை? 1938 மார்ச்சிலேயே 130 டாலருக்கு, பக்கத்துக்கு 10 டாலர் கணக்கில், மொத்த உரிமையையும் எழுதிக்கொடுத்துவிட்டார்களே. அந்தத் தொகை அடங்கிய பழைய காசோலை 2012இல் ஏலத்தில் 1,60,000 டாலருக்குப் போனது. அவர்கள் இருவரும் வழக்கு, வறுமை என்று அலைந்தார்கள். 1975இல் மற்ற ஓவியர்கள் சேர்ந்து குரல் கொடுத்த பிறகே ஆண்டுக்கு 20,000 டாலர் உதவித்தொகையும், 'உருவாக்கியவர்கள்' என்று பெயரும் கிடைத்தன.

அதனால், உன்னிடம் "எல்லா உரிமையும் எங்களுக்கே" என்று தாளை நீட்டியிருக்கிறாரே ஒருவர், அதில் இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதே. நகலை எனக்கு அனுப்பு. என் மைத்துனனிடம் காட்டுகிறேன். அவன் வக்கீல் தொழிலில் இதையாவது செய்யட்டும்.

பக்கங்களைப் பற்றி இரண்டே குறை. டிரான்ஸ்பார்மர் வெடிக்கிற ஆறாம் பக்கம் பிரமாதம், அதைத் தொடாதே. ஆனால் உன் ஆள் சட்டையைக் கழற்றிவிட்டு வீட்டில் என்ன செய்கிறான் என்று ஒரு கட்டம்கூட இல்லை. கல்யாணம் ஆனவனா, கடன் இருக்கிறதா, பாக்கி வைத்த வீட்டில் இணைப்பைத் துண்டிக்கச் சொன்னால் என்ன செய்வான்? இரண்டாவது, அந்தத் தங்க நிறப் பெல்ட் வேண்டவே வேண்டாம்.

அடுத்த பக்கங்களை போனில் அனுப்பாதே, என் கண்ணுக்கு எழுத்து பிடிபடவில்லை. தபாலிலேயே அனுப்பு. அக்கா மகனுக்கு நல்ல இந்திய மை ஒரு பாட்டில் வாங்கி வைத்திருக்கிறேன். சின்னவளைக் கோவையில் விடும்போது உன் வீட்டுக்கு வந்து கொடுக்கிறேன். தங்கச்சியிடம் ராத்திரிச் சாப்பாட்டுக்குச் சொல்லி வை.

அன்புடன்,
உன் பழைய கடைசி பெஞ்ச்