நடுவில் வரும் 'ஸ்'

அன்பு மகளுக்கு,

நலம்தானே? அம்மாவுக்கு முழங்கால் நோவு குறைந்திருக்கிறது. தொலைபேசியை இரண்டு நிமிடத்தில் வைத்துவிடுகிறாய், அதனால் எழுதுகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

நத்தாருக்கு உன்னிடம் வந்தபோது, வீதியில் நோர்வேஜிய மொழியில் இருந்த ஒரு கடைப் பலகையைச் சின்னவன் என்னை வாசிக்கச் சொன்னான். 'பில்டெ-லெர்' என்றேன். அப்படி வெட்டினால், படம் சிரிக்கிறதாம்! அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "பீல்-டேலெர், அம்மப்பா. கார் உதிரிப்பாகம்." இத்தனை ஆண்டுக்குப் பிறகும் பிழையான இடத்தில்தான் வெட்டுகிறேன்.

நான் சரியாக வெட்டிய முதல் நீளச் சொல், 1987இல் வடக்கே மீன் தொழிற்சாலையில் வேலைக்கு நின்றபோது கையில் தந்த தாளில் இருந்தது. 'ஆர்பைட்' வேலை, 'தில்லாட்டெல்ஸெ' அனுமதி, நடுவில் ஒரு 'ஸ்'. இரண்டு சொல் சேரும்போது நடுவில் ஓர் எழுத்து புதிதாக வருவதை நன்னூலில் தோன்றல் என்று படித்தோமே, அதுதான். 'ஸ்' வராத சொற்களும் உண்டு. வந்தால் அதுதான் மூட்டு, கத்தி தானாக இறங்கும்.

ஆனால் காதுக்கு அது போதாது. இவர்கள் அழுத்திச் சொல்வது முன்சொல்லை. பொருளோ நம் தமிழைப் போலப் பின்சொல்லில் இருக்கிறது. நீ மூன்றாம் வகுப்பில் இருந்தபோது உன் ஆசிரியை 'கொன்சென்த்ரஷூன்ஸ்வான்ஸ்கெர்' என்றார். எனக்குக் கேட்டது முன்பாதி: கவனம். பிள்ளை கவனமானவள் என்கிறார் என்று நினைத்துத் தலையாட்டினேன். வரும் வழியில் ஐஸ்கிரீமும் வாங்கித் தந்தேன். பின்பாதி 'வான்ஸ்கெர்', சிரமங்கள். பக்கத்தில் இருந்த உனக்கு அது விளங்கியது. நீ சொல்லவில்லை. எப்படிச் சொல்வாய்? அதற்கு முந்திய மாதம்தான் பஸ்ஸில் என் உச்சரிப்பைத் திருத்தினாய் என்று எல்லோர் முன்னும் உன்னை அதட்டியிருந்தேன். இரண்டு ஆண்டு உனக்கு ஓர் உதவியும் கிடைக்கவில்லை. என் பிழை, மகளே. இதுவரை நான் வாய் திறந்து சொன்னதில்லை.

அந்தப் பிள்ளைதான் பொறியியலாளர் ஆனாள் என்று கோயிலில் காண்பவர்களிடமெல்லாம் சொல்லித் திரிகிறேன். அவளுக்குக் கிழமைக்கு ஒரு தரம் அப்பாவுடன் பேச நேரமில்லை என்பதை மட்டும் சொல்வதில்லை.

உன் சமையலறை மேசையில் ஒரு கடிதம் கிடந்தது. தேடிப் பார்க்கவில்லை, தேத்தண்ணீர்க் கோப்பையை வைக்கப் போனபோது கண்ணில் பட்டது. 20 எழுத்தில் ஒரு சொல், ஏழு அசை. அகராதி தேவைப்படவில்லை. 'ஸ்' இருந்த இடத்தில் வெட்டினேன். பின்சொல் 'பெவில்லிங்', அதுவும் அனுமதிதான். முன்சொல்லை நான் இங்கே எழுதவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. மருமகன் பொங்கலுக்கு வராததற்கு வேலை என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. நீ தொலைபேசி எடுத்தால், இம்முறை கடைசி எழுத்துவரை கேட்டுவிட்டுத்தான் தலையாட்டுவேன்.

மேல் அறை ஹீட்டரைத் திருத்திவிட்டேன். சின்னவனுக்கும் ஒரு கட்டில் போட்டிருக்கிறது.

அப்பா