வலப்பக்கம் நின்று பேசியவர்களுக்கு நன்றி

சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டத்து உறவுகளுக்கும் தமிழ்ப்பள்ளிக் குடும்பத்தாருக்கும் வணக்கம்.

என் இடது காது ஒரே இரவில் அடைத்துப்போனது உங்களுக்குத் தெரியும். மறுநாளே மருத்துவமனைக்கு ஓடி ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தும் கேட்கும் திறன் திரும்பவில்லை. “அதான் இன்னொரு காது இருக்கே” என்று பலரும் தேற்றினார்கள். சத்தம் கேட்கத்தான் செய்கிறது, எந்தப் பக்கமிருந்து என்றுதான் பிடிபடாது. செம்பனை (எண்ணெய்ப்பனை) காட்டில் உதிரிப்பழம் பொறுக்குகிறவளுக்கு அது சின்னக் குறையா? “குலை விழுது, தள்ளிப் போ!” என்று குரல் வந்தால் எந்தப் பக்கம் தள்ளிப் போவது?

குலை வெட்டு நடக்கும் நிரையில் (மரவரிசையில்) என்னை விடாமல், வெட்டு முடிந்த நிரைக்கு மாற்றிவிட்ட மண்டோர் (மேற்பார்வையாளர்) அண்ணனுக்கு முதல் நன்றி.

அடுத்து, செவியியல் படித்த நம் தோட்டத்துத் தங்கைக்கு. பக்கவாட்டிலிருந்து வரும் ஒலி ஒரு காதைத் தொட்டபின் மறு காதை அடைய ஒரு மில்லி விநாடிகூட ஆகாதாம். அந்தத் துளி தாமதத்தையும், நடுவில் தலை மறைப்பதால் குறையும் சத்தத்தையும் ஒப்பிட்டே மூளை திசையைக் கணிக்கிறது. ஒற்றைக் காதில் ஒப்பிட எதுவும் இல்லை. மிச்சமிருப்பது காதுமடல் ஒலியில் செய்யும் மாற்றமும் தலையைத் திருப்பிப் பார்ப்பதும்தான். பிரான்சில் லியோன் நகர ஆய்வாளர்கள், நன்றாகக் கேட்பவர்களுக்கு ஒரு காதை அடைத்து மெய்நிகர் கண்ணாடி (கணினிப் படங்களைக் கண்முன் காட்டும் முகக்கண்ணாடி) மாட்டிப் பயிற்சி கொடுத்து, 2020இல் முடிவை வெளியிட்டார்கள். ஒலித்த ஸ்பீக்கரின் எண்ணை வாயால் சொன்னவர்களைவிடக் கைநீட்டித் தொட்டவர்கள் அதிகம் தேறினார்கள். தங்கை இதைப் படித்துவிட்டுக் கண்ணாடியோடு வந்து நின்றாள்.

பள்ளி விட்டபின் வகுப்பறையைத் திறந்துவிட்ட தலைமையாசிரியருக்கு நன்றி. கண்ணாடிக்குள் எனக்குத் தெரிந்தது அரைவட்டமாய் நின்ற ஸ்பீக்கர் படங்கள் மட்டும். நிஜ ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு என்னைச் சுற்றியவர்கள் ஐந்தாம் ஆண்டுப் பையன்கள் இருவர். காலடிச் சத்தம் காட்டிக்கொடுக்குமென்று சப்பாத்தைக் கழற்றி, காலுறையோடு பூனைபோல் நடந்தார்கள். நான் எதிர்ப்பக்கம் கையை நீட்டினால், சரியான ஸ்பீக்கர் கண்ணாடிக்குள் பளிச்சென்று மின்னும், வெளியே ஒரு சிரிப்பை அடக்கும் சத்தமும் வரும். அந்தச் சிரிப்பு எந்தப் பக்கம் என்று கண்டுபிடித்த நாளில்தான் எனக்கே நம்பிக்கை வந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு என்ன சொல்லி நன்றி சொல்வேன்!

பூண்டு எண்ணெய் காய்ச்சிக் கொடுத்த பாட்டிமாருக்கும் நன்றி. ஊற்றவில்லை, கோபிக்காதீர்கள்.

காது திரும்பிவிட்டதென்று யாரும் நினைக்க வேண்டாம். அமைதியான இடத்தில் தலையைத் திருப்பித் திசை பிடிக்கிறேன். தீபாவளிச் சந்தை நெரிசலிலும் மோட்டார் இரைச்சலிலும் இன்னும் திணறல்தான். ஆகவே, கோயிலில் பார்த்தால் தயவுசெய்து வலப்பக்கமாகவே வந்து பேசுங்கள். கண்ணாடியைத் தங்கையிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இதே குறை உள்ளவர்கள் யாராவது இருந்தால் அவளைக் கேளுங்கள். ஸ்பீக்கர் தூக்க அந்தப் பையன்கள் தயாராக இருக்கிறார்கள்.

அன்புடன்,
உதிரிப்பழம் பொறுக்கும் உங்கள் அக்கா
சுங்கை சிப்புட், பேராக், மலேசியா