பென்ஷன் வந்து சேரும்வரை ஒரு கைமாற்று: படைவீரர் குடும்பங்களுக்காக நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

கடலூர், பண்ருட்டி, நெல்லிக்குப்பம், குறிஞ்சிப்பாடி வட்டாரத்து முன்னாள் படைவீரர்களும், காலமான படைவீரர்களின் குடும்பத்தாரும் சேர்ந்து நடத்தும் சிறு குழு எங்களுடையது. சனிக்கிழமைதோறும் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு வாடகை அறையில் உட்கார்ந்து, கணவரை இழந்த அம்மாக்களுக்குக் குடும்ப ஓய்வூதிய வேலைகளைப் பார்த்துக் கொடுக்கிறோம். இதுவரை கைக்காசைப் போட்டே ஓட்டிவிட்டோம். இப்போது 7,50,000 ரூபாய் திரட்ட வேண்டியிருக்கிறது. எதற்கு என்று விவரமாகவே சொல்லிவிடுகிறோம்.

சீருடையில் இருக்கும்போது ஒருவர் இறந்தால் ஊரே திரளும். மூவர்ணக் கொடி போர்த்திய பெட்டி வரும், அதிகாரிகள் வருவார்கள், யூனிட்டிலிருந்து ஆள் வந்து கூட நிற்பார். அது நடக்க வேண்டியதுதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இருபது வருஷம் லடாக்கிலும் நாகாலாந்திலும் கிடந்துவிட்டு ஊர் திரும்பி, எழுபத்திரண்டு வயதில் நெல்லிக்குப்பத்தில் மாரடைப்பில் போகிறவர் வீட்டுக்கு அப்படி யாரும் வருவதில்லை. கருமாதி முடிந்து உறவுக்காரர்கள் பஸ் ஏறியதும் மிஞ்சுவது நம்பரும் ரேங்கும் வெள்ளை பெயிண்டில் எழுதிய கறுப்பு ட்ரங்குப் பெட்டியும், அதற்குள் அந்த அம்மாவால் படிக்க முடியாத இங்கிலீஷ் காகிதங்களும்தான்.

அவர் கண் மூடிய தேதியோடு அவருடைய பென்ஷன் நின்றுவிடும். மறுநாளிலிருந்தே மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் சேர வேண்டும் என்பது விதி. எத்தனை மாதம் கழித்து உத்தரவு வந்தாலும் அந்தத் தேதியிலிருந்து கணக்குப் போட்டு அரியரோடுதான் தருவார்கள். ஆக, விதியில் ஒரு நாள்கூட இடைவெளி இல்லை. பணம் கைக்கு வருவதில்தான் இடைவெளி. தாள்கள் ஒழுங்காக இருந்தால் சீக்கிரம் முடிந்துவிடும். ஒரு எழுத்து மாறிப்போயிருந்தால் மாதக்கணக்கில் இழுக்கும். அந்த மாதங்களில் மளிகைக் கடை பாக்கியும் சர்க்கரை மாத்திரையும் நிற்பதில்லை. காதில் கிடப்பதைக் கொண்டுபோய் அடகு வைப்பார்கள், இல்லையென்றால் வார வட்டிக்கு வாங்குவார்கள். கடைசியில் அரியர் மொத்தமாக வரும்போது அதில் பாதி வட்டிக்காரருக்குப் போன வீடுகளை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

இந்த இடைவெளியை அடைக்கத்தான் 6,00,000 ரூபாயில் ஒரு கைமாற்று நிதி வைக்க நினைக்கிறோம். விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்கும் குடும்பத்துக்கு மாதம் 8,000 ரூபாய், அதிகபட்சம் ஐந்து மாதம். வட்டி கிடையாது. ஜாமீன் கையெழுத்தும் கிடையாது. அரியர் வந்ததும் வாங்கியதைத் திருப்பித் தர வேண்டும், அது அடுத்த வீட்டுக்குப் போகும். பத்திரம் எழுதி வாங்கலாமே என்று எங்களுக்குள்ளேயே ஒருவர் சொன்னார். கணவரைப் பறிகொடுத்து ஒரு மாதம் ஆகாதவரிடம் ஸ்டாம்புப் பேப்பரை நீட்ட மற்றவர்களுக்கு மனசு வரவில்லை. ஒரு நோட்டில் கையெழுத்து, அவ்வளவுதான். கேட்ட ஓய்வூதியம் கிடைக்காமலே போய்விட்டால் அந்தத் தொகையை நாங்கள் திரும்பக் கேட்க மாட்டோம். இதைத் தெரிந்துகொண்டே நன்கொடை தாருங்கள்.

எவ்வளவு வரும் பணத்துக்காக இந்தக் காத்திருப்பு என்று கேட்கிறவர்களும் உண்டு. சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். பணியில் இருக்கும்போதே இறந்தால் முதல் 10 ஆண்டுகளுக்கு 50 சதவீதம். ஓய்வு பெற்றவர் இறந்தால் அந்த உயர்ந்த விகிதம் 7 ஆண்டுகளுக்கு, அல்லது அவருக்கு 67 வயது ஆகியிருக்கும் நாள்வரை, இதில் எது முன்னதோ அதுவரை. ராணுவப் பணியே சாவுக்குக் காரணம் என்றால் சிறப்புக் குடும்ப ஓய்வூதியம், 60 சதவீதம். போரிலும் எல்லை மோதலிலும் உயிர்விட்டவர்களின் மனைவியருக்குத் தாராளக் குடும்ப ஓய்வூதியம் என்று கடைசிச் சம்பளம் முழுதும். எல்லாவற்றுக்கும் மேல் அகவிலைப்படி உண்டு. ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு எந்தக் குடும்ப ஓய்வூதியமும் 9,000 ரூபாய்க்குக் கீழே போகக்கூடாது. பெரிய ரேங்கில் இல்லாத, பல வருஷம் முன்பே ஊர் வந்துவிட்ட சிப்பாய் வீட்டுக்கு வருவது இந்தக் கீழ்மட்டத்தை ஒட்டித்தான் இருக்கும். அதுவும் ஐந்து மாதம் வராவிட்டால் வீடு என்ன ஆகும் என்று கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இழுத்தடிப்புக்குப் பெரும்பாலும் காரணம் பெயர்தான். நம் ஊர்ப் பெண்ணுக்குக் கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியல், பிறகு கணவர் இனிஷியல். ராணுவ ஆவணத்தில் இனிஷியலே இல்லாமல் ஒரு பெயர் இருக்கும். ஆதாரில் இனிஷியல் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும். பேங்க் பாஸ்புத்தகத்தில் இங்கிலீஷில் ஒரு ‘எச்’ கூடியிருக்கும். பிறந்த தேதி தெரியாத அம்மாக்களுக்கு ஆதாரில் ஜனவரி 1 என்று போட்டிருப்பார்கள், யூனிட்டில் வேறு வருஷம் எழுதியிருப்பார்கள். கல்யாணத்தையும் பிள்ளை பிறப்பையும் யூனிட்டில் சொல்லிப் ‘பார்ட் டூ ஆர்டர்’ என்ற பதிவு உத்தரவு போட்டால்தான் அது ரெக்கார்டில் ஏறும். லீவில் வந்து தாலி கட்டிவிட்டு அதைச் சொல்லாமலே சர்வீஸ் முடித்தவர்கள் உண்டு. பென்ஷன் வழங்கும் உத்தரவான பி.பி.ஓ.வில், பழையவை சிலவற்றில் மனைவி பெயரே இருக்காது. அதைத் திருத்த, அவரவர் படைப்பிரிவின் பணி ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீசுக்கு எழுத வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர் என்ற பொறியாளர் படை என்றால் பெங்களூரு, பீரங்கிப் படை என்றால் நாசிக், தகவல் தொடர்புப் படையான சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர். எங்கே எழுதுவது என்று தெரியாமல் டெல்லிக்கும் சென்னைக்கும் தபால் போட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் பலர்.

வெள்ளம் இன்னொரு பக்கம். 2011 டிசம்பரில் தானே புயல், 2015 மழை, 2024 டிசம்பரில் தென்பெண்ணை வெள்ளம் என்று இந்த மாவட்டம் எத்தனை முறை நனைந்தது என்று உங்களுக்குத் தெரியும். பணி முடித்து வரும்போது ராணுவம் தரும் டிஸ்சார்ஜ் புத்தகம் ஊறி, பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, மை கரைந்து, ரப்பர் ஸ்டாம்பின் ஊதா மட்டும் திட்டாக நிற்கும் நிலையில் எங்கள் மேசைக்கு வந்திருக்கிறது. ஆகவே, ஆள் உயிரோடு இருக்கும்போதே வீட்டுக்குப் போய்த் தாள்களை ஸ்கேன் செய்து வைப்பதையும் வேலையாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் இதுதான் எங்களுக்கு முக்கியமான வேலை. மனைவி பெயர்த் திருத்தம் எதுவானாலும் அவர் கையெழுத்துப் போட இருக்கும்போது முடிப்பதற்கும், இல்லாதபோது முடிப்பதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். “நான் இருக்கும்போதே இதையெல்லாம் எதுக்குப்பா பேசுற?” என்று சுபேதார்களே முகம் சுளிக்கிறார்கள். பேசித்தான் ஆக வேண்டும்.

ஸ்கேனர் எங்களிடம் இல்லை, செல்போனில்தான் படம் எடுக்கிறோம். நல்ல ஸ்கேனர், பிரிண்டர், ஒரு லேப்டாப், யு.பி.எஸ்., கருவிழி படிக்கும் கருவி எல்லாம் சேர்த்து 90,000 ரூபாய் ஆகும். கருவிழிக் கருவி எதற்கு? பண்ருட்டிப் பக்கம் முந்திரிக் கொட்டை உடைக்கும் ஓர் அம்மா வருஷாந்திர உயிர்ச்சான்று கொடுக்க வந்தார். பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தும் ரேகை பதியவில்லை. கொட்டைத் தோலின் எண்ணெய் வருஷக்கணக்கில் அரித்து, விரல் நுனி கண்ணாடி மாதிரி வழவழப்பாகிவிட்டது. விரலைச் சேலைத் தலைப்பில் துடைப்பார், மறுபடி வைப்பார். “நான்தான் சாமி உசுரோட இருக்கேன்” என்று அந்த மிஷினிடமே சொன்னார். அன்று செல்போனில் முகம் காட்டும் வழியில் சான்றை முடித்துக் கொடுத்தோம். 2014-ல் வந்த ஜீவன் பிரமாண் என்ற டிஜிட்டல் உயிர்ச்சான்று முறையில் இப்போது அதற்கும் இடம் இருக்கிறது. ஆனால் கண்புரை ஆபரேஷன் முடித்துக் கறுப்புக் கண்ணாடி போட்டு வருகிறவர், கண்ணைச் சிமிட்டச் சொன்னால் பயந்து இறுக மூடிக்கொள்கிறவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பாடு. ஒன்று ஓடாவிட்டால் இன்னொன்று கையில் இருக்க வேண்டும்.

மீதி 60,000 ரூபாய் பயணத்துக்கும் தபாலுக்கும். வெலிங்டனுக்கும் பெங்களூருக்கும் நேரில் போய் வந்தால்தான் முடியும் என்கிற கேஸ்கள் இருக்கின்றன. பஸ், ரயில் கட்டணம் மட்டும்தான் இதிலிருந்து எடுப்போம், சாப்பாடு போகிறவர் சொந்தச் செலவு.

பென்ஷனே இல்லாத வீடுகளும் இருக்கின்றன. சிப்பாய்க்கு ஓய்வூதியம் கிடைக்கப் பொதுவாக 15 வருஷம் சர்வீஸ் வேண்டும். அதற்கு முன்னால் வெளியே வந்தவருக்கு அது கிடையாது, அதனால் மனைவிக்கும் இல்லை. இவர்களில் ஹவில்தார் ரேங்க் வரை இருந்த, 65 வயது தாண்டி வேறு வருமானம் இல்லாதவர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் பாதுகாப்பு அமைச்சரின் நல நிதியிலிருந்து மாதாமாதம் வறுமை உதவித்தொகை உண்டு. 4,000 ரூபாயாக இருந்ததை 2025 நவம்பர் 1 முதல் வரும் விண்ணப்பங்களுக்கு 8,000 ஆக்கியிருக்கிறார்கள். பிள்ளைகளின் படிப்பு உதவி ஆளுக்கு மாதம் 1,000-லிருந்து 2,000, மகள் கல்யாண உதவி 50,000-லிருந்து ஒரு லட்சம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். மூளை வளர்ச்சியோ உடலோ குன்றிய பிள்ளைக்கு, வருமான வரம்புக்கு உட்பட்டு, பெற்றோருக்குப் பிறகு ஆயுள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் உண்டு என்பதும், கணவரை இழந்து தாய்வீடு திரும்பிய மகளுக்கும் வழி இருக்கிறது என்பதும் பல வீடுகளில் தெரியாது. இதற்கெல்லாம் எங்கள் நிதி தேவையில்லை, சொல்ல ஆள் இருந்தால் போதும். தெரிந்த வீடு இருந்தால் அனுப்பி வையுங்கள், பணம் தருவதைவிட அது குறைந்த உதவி இல்லை.

டிசம்பர் 7 கொடிநாளுக்குத்தான் கொடுத்துவிட்டோமே என்பீர்கள். கொடுங்கள், தவறாமல் கொடுங்கள். 1949 முதல் நடந்துவரும் அந்த வசூல் அரசாங்க நிதிக்குப் போய் அரசாங்க விதிப்படி திட்டங்களுக்குச் செலவாகிறது. விண்ணப்பம் முடிவதற்குள் அரிசி வாங்கக் கொடுக்க அந்த விதிகளில் இடமில்லை. நாங்கள் அதற்குப் போட்டி இல்லை.

ஆல்பேட்டை சாவடி தாண்டிக் கன்னியக்கோயில், பாகூர் பக்கம் இருப்பவர்களும் வருகிறார்கள். அவர்களுக்கு மாநில உதவிகள் புதுச்சேரி அரசின் துறை வழியாகத்தான். ஆனால் மத்திய அரசு பென்ஷன் எல்லோருக்கும் ஒன்று, அதனால் கைமாற்று அவர்களுக்கும் உண்டு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா வீட்டுப் பென்ஷன் விவகாரம் தனி. அது பிரெஞ்சுத் துணைத் தூதரகத்தில் பார்க்க வேண்டியது.

நன்கொடை பற்றி. 100 ரூபாயும் நன்கொடைதான். ரசீது இல்லாமல் யாரிடமும் பணமாகக் கொடுக்காதீர்கள், எங்கள் பெயரைச் சொல்லி வீடு வீடாக வர யாருக்கும் நாங்கள் அனுமதி தரவில்லை. எங்களுக்குத் தரும் நன்கொடைக்கு வருமான வரியில் 80ஜி பிரிவு விலக்கு கிடைக்காது. சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கும் நம் பிள்ளைகள், இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால், சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம். வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர்களிடம் வாங்க எங்களுக்குச் சட்டப்படி அனுமதி இல்லை. பிரான்சில் இருக்கும் புதுவைச் சொந்தங்கள் மன்னிக்கவும். அவர்கள் ஊருக்கு வரும்போது சனிக்கிழமை வந்து எங்களோடு உட்கார்ந்து இரண்டு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தால் சந்தோஷப்படுவோம்.

வரவு செலவுக் கணக்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறை வாசலில் ஒட்டுவோம். கைமாற்று வாங்கிய குடும்பங்களின் பெயர் அதில் இருக்காது, எத்தனை குடும்பம், எவ்வளவு போனது, எவ்வளவு திரும்பியது என்பது மட்டும் இருக்கும். யாருக்குக் கொடுத்தோம் என்று நன்கொடையாளர் கேட்டாலும் சொல்ல மாட்டோம். 6,00,000 ரூபாய் கைமாற்றுக்கு என்று ஒதுக்கியது வேறு எதற்கும் போகாது. அது ஒரே நேரத்தில் பதினைந்து குடும்பங்களைத் தாங்கும்.

கடைசியாக, இப்போது துக்கத்தில் இருக்கும் வீடுகளுக்கு இரண்டு வார்த்தை. அவருடைய செல்போன் எண்ணை ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிடாதீர்கள், பென்ஷன் கணக்கின் ஓ.டி.பி. அதற்குத்தான் வரும். இறந்த செய்தியைப் பென்ஷன் தரும் இடத்தில் உடனே சொல்லிவிடுங்கள். ஏ.டி.எம். கார்டு கையில் இருக்கிறதே என்று அதற்குப் பிறகு வரும் பென்ஷனை எடுத்தால் பின்னால் பிடித்துக்கொள்வார்கள். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்யுங்கள், சான்றிதழில் அவர் பெயர் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் உள்ளபடியே இருக்கட்டும். ட்ரங்குப் பெட்டியில் எதையும் கிழித்துப் போடாதீர்கள், ராணுவக் குழுக் காப்பீட்டுச் சான்றிதழ் அதன் அடியில் கிடக்கலாம். பெட்டியோடு வந்தாலும் சரி, சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் திறந்திருப்போம்.

வங்கிக் கணக்கு விவரமும் அறையின் முகவரியும் இத்துடன் உள்ள தனித்தாளில் இருக்கின்றன.

இப்படிக்கு,
குழுவினர்,
கடலூர்.