ஊட்டுப்புரையில் யார் சாப்பிட்டார்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் பத்மநாபபுரம் அரண்மனை பற்றிய கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் முதல் வரியிலேயே ‘கேரளத்தின் பத்மநாபபுரம்’ என்று எழுதி, எங்கள் ஊரை அலுங்காமல் தூக்கி, மாநில எல்லையான களியக்காவிளைக்கு அப்பால் வைத்துவிட்டீர்கள். அரண்மனை இருப்பது கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலைக்குப் பக்கத்தில், வேளிமலையின் அடியில். 1956 நவம்பர் 1 அன்று இந்தப் பகுதி தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது, திருவிதாங்கூர் மன்னர்களின் இந்த அரண்மனை மட்டும் கேரள அரசின் பொறுப்பிலேயே நின்றது. இன்றும் அதைப் பராமரிப்பது அந்த மாநிலத்தின் தொல்லியல் துறைதான். குழப்பம் எங்கிருந்து வந்தது என்று புரிகிறது. திருத்தம் வெளியிட்டால் மகிழ்வேன்.

நான் எழுத உட்கார்ந்தது அதற்காக மட்டும் இல்லை. கட்டுரையாளர் பூமுகத்தின் (முகப்பு மண்டபத்தின்) மரக் கூரையில் செதுக்கிய 90 வகைப் பூக்களைச் சொல்கிறார்; எப்படித் திருப்பினாலும் திருப்பிய பக்கமே நிற்கும் குதிரை விளக்கைச் சொல்கிறார்; 64 மூலிகை மரங்களால் ஆனதென்று சொல்லப்படும் கட்டிலுக்கு ஒரு பத்தியே கொடுத்திருக்கிறார். ஊட்டுப்புரைக்கு, அதாவது அன்னமிடும் கூடத்துக்கு, வரும்போது ஒரே வரி: ‘இங்கு மன்னர் தினமும் 2,000 பேருக்கு அன்னமிட்டார்.’ அத்தோடு அடுத்த அறைக்குப் போய்விடுகிறார்.

எழுபதுகளில், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், என் பாட்டியை அங்கே அழைத்துப் போனேன். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். கொட்டாரத்துக்குள் (அரண்மனையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) அதுவரை கால் வைத்ததில்லை. மன்னர் ஆலோசனை நடத்திய மந்திரசாலையில் ஏறியதும் அவள் சன்னல்களையோ நாற்காலிகளையோ பார்க்கவில்லை. குனிந்து தரையை உள்ளங்கையால் தடவினாள். சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து இழைத்ததாகச் சொல்லப்படும் அந்தக் கருந்தரை, வெளியே வெயில் கொளுத்தும்போதும் குளிர்ந்து கிடக்கும். குனிந்தால் முகம் மங்கலாகத் தெரியும். (சிரட்டை என்றால் மற்ற மாவட்டத்தாருக்குக் கொட்டாங்கச்சி.) வாரம் தவறாமல் சாணி மெழுகித் தேய்ந்த கை அவளுடையது. தரையை எடைபோட அந்தக் கைக்குத் தகுதி உண்டு. “இதைத் தேய்த்தவளுக்குத் தோள்பட்டை போயிருக்கும்” என்றாள். கண்ணாடிபோல் இருக்கிறதே என்று நான் வியந்துகொண்டிருந்தேன்.

ஊட்டுப்புரையின் நீண்ட கூடத்துக்கு வந்ததும் சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள். கீழே ஆயிரம் பேர், மாடியில் ஆயிரம் பேர் என்று எங்கள் கூட வந்தவர் சொல்லிக்கொண்டிருந்தார். பாட்டி முழுவதையும் கேட்டுவிட்டு என்னிடம் மெல்லக் கேட்டாள்: “இதில் நம் ஆட்கள் யாராவது உட்கார்ந்து சாப்பிட்டிருப்பார்களா?”

அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது தெரியும். திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் ஊட்டுப்புரைகள் பிராமணர்களுக்கு உணவிட நடத்தப்பட்டவை. அந்த அரிசி விளைந்த வயல்களில் இறங்கியவர்கள் வேறு சாதியினர். அவர்களில் பலர் சட்டப்படியே அடிமைகள். சமஸ்தானம் அடிமை முறையை ஒழித்தது 1855-ல். நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்ற ஆணை, பெரும் கலவரங்களுக்குப் பிறகு, 1859-ல் வந்தது. அதற்கு முன்பு இதே கல்குளம் வட்டாரத்தில் நாடார்கள் குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது, ஒரு தளத்துக்கு மேல் வீடு கட்டக்கூடாது என்றெல்லாம் இருந்தது. இதைத் தெரிந்துகொண்டு, மன்னர் மார்த்தாண்ட வர்மா 1750 வாக்கில் கட்டிய நான்கு அடுக்கு உப்பரிகை மாளிகையை நிமிர்ந்து பாருங்கள். உயரம் என்பது அந்த மண்ணில் யார் யாருக்கு அளந்து கொடுக்கப்பட்டது என்பது அந்தப் படிகளைப் பார்த்தாலே தெரியும்.

நான் அரண்மனையை வெறுப்பவன் அல்லன். என்னைக் கேட்டால் தென்னாட்டில் இதற்கு ஈடான மர வீடு வேறு இல்லை. வீடு என்றுதான் சொல்கிறேன். மைசூரைப் போன்ற பிரம்மாண்டத்தை எதிர்பார்த்து வருகிறவர்கள் இதன் தாழ்ந்த வாசல் நிலைகளையும் இறங்கிய ஓட்டுக் கூரைகளையும் பார்த்துவிட்டு, “இவ்வளவுதானா?” என்று என் காதுபடவே கேட்டிருக்கிறார்கள். இவ்வளவுதான்! மழை சாய்ந்து அடிக்கும் நாட்டில் ஒரு குடும்பம் எப்படி வாழ்ந்தது என்று அந்தக் கூரைகள் சொல்கின்றன. சரிந்த மரச் சட்டங்கள் வைத்த சன்னல்கள் வழியே பெண்கள் தெருவைப் பார்க்கலாம். தெருவிலிருந்து அவர்களைப் பார்க்க முடியாது. வளாகத்திலேயே பழைய பகுதிக்குத் தாய்க் கொட்டாரம் என்று பெயர். சகோதரியின் மகனுக்குப் பட்டம் போகிற மருமக்கதாய வழக்கில் வந்த குடும்பம் இது. கட்டுரையாளர் அங்கிருக்கும் பலாமரத் தூணின் வேலைப்பாட்டை வியக்கிறார். நியாயம்தான். அந்த வீட்டில் தாய் என்றால் என்ன பொருள் என்று இரண்டு வரி எழுதியிருந்தால், தூணும் கொஞ்சம் பேசியிருக்கும்.

அந்தத் தூணைச் செதுக்கிய ஆசாரி யார்? உத்தரத்தோடு உத்தரத்தைப் பொருத்தியவர்களின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. பெயர் கிடைக்காவிட்டாலும் தொழில் கிடைக்கிறதே. எங்கள் பக்கத்தில் இன்றும் உளி பிடிக்கிற ஆசாரிமார் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை அந்தக் கூரைக்கு அடியில் நிறுத்தி, இந்தப் பொருத்தை எப்படி வெட்டியிருப்பார்கள் என்று கேட்டு எழுதியிருந்தால், 90 பூக்களை எண்ணுவதைவிட வாசகர்களுக்குச் சுவையாக இருந்திருக்கும். படைக்கு ஆள் எடுக்கும்போது 101 முறை தூக்கச் சொன்னார்கள் என்று சொல்லப்படும் 38 கிலோ கல் ஒன்று அங்கே கிடக்கிறதே, அதையும் கட்டுரையில் காணோம். 1741-ல் குளச்சலில் டச்சுக்காரர்களை வென்ற படையைப் பற்றி ஒரு பத்தி இருக்கிறது. கல்லைத் தூக்கியவனுக்கு ஒரு வரிகூட இல்லை.

நவராத்திரிக்கு முன் ஒருமுறை உங்கள் கட்டுரையாளரை இங்கே அனுப்பிவையுங்கள். தேவாரக்கட்டு சரஸ்வதியும், வேளிமலை முருகனும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் விழாவுக்காகத் திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாகப் புறப்படும் நேரம் அது. உப்பரிகை மாளிகையிலிருந்து மன்னரின் உடைவாளை எடுத்துக் கொடுப்பார்கள். வழிநெடுக ஊரே நின்று வணங்கும். 1936-ல் கோயில் நுழைவுப் பிரகடனம் வரும்வரை சமஸ்தானத்துக் கோயில்களின் வாசலைத் தாண்ட அனுமதிக்கப்படாதவர்களின் பேரப்பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள், நான் உட்பட. பாட்டி இருந்தவரை ஒரு வருடமும் தவறவிட்டதில்லை. அவள் கேள்வி கேட்டதும் இதே அரண்மனையில்தான், கும்பிட்டதும் இதே அரண்மனை வாசலில்தான்.

கடைசியாக ஒன்று. கட்டுரையின் முடிவில் கொடுத்திருக்கும் பயணக் குறிப்பில், திங்கட்கிழமை அரண்மனை திறக்காது என்பது விடுபட்டிருக்கிறது. இந்தத் திங்களன்று உங்கள் இணைப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் பூட்டிய வாசலில் நின்றது. என்னால் முடிந்தது, தேநீர் வாங்கிக் கொடுத்து, பக்கத்திலிருக்கும் உதயகிரிக் கோட்டைக்கு வழி காட்டினேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
தக்கலை.